பின்னாலிருந்து வரும் ஊளை: கிரவுன் பினியன் சத்தத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

பொலேரோ, ஈகோ, பழைய குவாலிஸ் என்று பின்சக்கரம் இழுக்கிற எந்த வண்டியாக இருந்தாலும், நன்றாக ஓடிக் களைத்த பிறகு என்றாவது ஒரு நாள் பின்சீட்டுக்கு அடியிலிருந்து ஊளைச் சத்தம் கிளம்பலாம். உடனே பலரும் “ஹவுசிங் போச்சு” (ஹவுசிங் என்பது கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்கள் இருக்கும் இரும்புக் கூடு) என்று முடிவுகட்டிவிட்டு, பழைய ஹவுசிங் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதை வாங்கி மாட்டிய பிறகும் அதே சத்தம் அதே வேகத்தில் வந்தால்தான், டயரையும் வீல் பேரிங்கையும் முதலில் பார்த்திருக்கலாமே என்று தோன்றும். அதற்குள் பணம் போயிருக்கும், இரண்டு மூன்று நாள் வண்டியும் முடங்கியிருக்கும்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, எப்போது வருகிறது என்பது முக்கியம். ஒருவருக்கு ஊளையாகக் கேட்பது இன்னொருவருக்கு உறுமலாகக் கேட்கும், மூன்றாமவர் வெறும் இரைச்சல் என்பார். ஆனால் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வருகிறதா, காலை எடுக்கும்போது வருகிறதா, திரும்பும்போது மட்டும் வருகிறதா என்பதில் அப்படிக் குழப்பம் வராது. அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் போய், “ஏனுங்ணா, வண்டி பின்னால ஊளை உடுதுங்க” என்று சொல்லிப் பாருங்கள். அவர் ஸ்பானரை எடுக்க மாட்டார். “எப்பங்க வருது? மிதிக்கறப்பங்களா, காலை எடுக்கறப்பங்களா? வளைவுல திரும்பறப்ப கூடுதுங்களா?” என்றுதான் முதலில் கேட்பார். இந்தக் கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அந்தப் பதில்களை நீங்களே கண்டுபிடிக்கலாம், ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றத் தேவையில்லை.

முதலில், உங்கள் வண்டியில் பின் டிஃபரன்ஷியல், அதாவது எஞ்சினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கர அமைப்பு, இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ20 போன்ற கார்களில் முன்சக்கரம்தான் இழுக்கிறது. டிஃபரன்ஷியல் முன்னால் கியர்பாக்ஸோடு சேர்ந்தே இருக்கும். அந்தக் கார்களில் பின்னாலிருந்து சத்தம் வந்தால் வீல் பேரிங், டயர், பிரேக் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். ஆம்னி, ஈகோ, பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ, குவாலிஸ், ஃபார்ச்சூனர், டாடா ஏஸ், அம்பாசடர் எல்லாம் பின்சக்கரம் இழுப்பவை. இன்னோவாவும் அப்படித்தான், ஹைகிராஸ் மட்டும் முன்சக்கர வண்டி. சந்தேகமாக இருந்தால் வண்டிக்குப் பின்னால் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் உருண்டு புடைத்த இரும்புக் கூடும், முன்னாலிருந்து அதில் வந்து சேரும் நீளமான ஷாஃப்ட்டும் தெரிந்தால், அந்தக் கூடுதான் ஹவுசிங். டிஃபரன்ஷியல் அதற்குள்தான் இருக்கிறது.

உள்ளே நடப்பது என்ன?

எஞ்சினின் சுழற்சி கியர்பாக்ஸைத் தாண்டி புரொப்பல்லர் ஷாஃப்ட் வழியாகப் பின்னால் வருகிறது. ஷாஃப்ட்டின் முனையில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம். அது கிரவுன் என்கிற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. இந்த இரண்டும் சேர்ந்து இரண்டு வேலை செய்கின்றன. வண்டியின் நீளவாக்கில் வரும் சுழற்சியைச் சக்கரங்களின் பக்கம் திருப்பிவிடுகின்றன. கூடவே வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டுகின்றன. வண்டிக்கு வண்டி மாறினாலும், பினியன் ஏறக்குறைய நான்கு சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த 4 என்ற எண்ணை ஞாபகத்தில் வையுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

மூன்றாவது வேலை, இரண்டு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுப்பது. கிரவுன் ஒரு கூண்டோடு சேர்த்து இறுக்கப்பட்டிருக்கிறது. கூண்டுக்குள் ஸ்டார் பினியன்கள் என்ற சின்னப் பற்சக்கரங்களும், இரண்டு பக்கமும் சன் கியர்களும் இருக்கின்றன. ஒவ்வொரு சன் கியரிலிருந்தும் ஓர் ஆக்சில் ஷாஃப்ட் கிளம்பிச் சக்கரத்துக்குப் போகிறது.

இது எதற்கு என்பதைக் கொல்லிமலை ஏறினால் தெரிந்துகொள்ளலாம். காரவள்ளியிலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவுகள். முழுதாகத் திரும்புகிற ஒரு வளைவில் வெளிப்பக்கச் சக்கரம், உள்பக்கச் சக்கரத்தைவிட நாலு மீட்டருக்கும் மேல் கூடுதலாக ஓட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே சுமார் 1.4 மீட்டர் அகலம் இருப்பதால் வரும் கணக்கு இது. வளைவு பெரிதா சின்னதா என்பதால் இது மாறாது. டயரின் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்றால், ஒரே வளைவில் வெளிச்சக்கரம் இரண்டு சுற்றுக்கு மேல் கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் இறுகியிருந்தால் டயர்தான் தேயும், வண்டியும் திரும்ப அடம் பிடிக்கும். டிஃபரன்ஷியல் அந்த வித்தியாசத்தைப் பகிர்ந்துகொடுக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை கிடைக்கிறது. நேரான ரோட்டில் ஓடும்போது கூண்டுக்குள் இருக்கும் ஸ்டார் பினியனும் சன் கியரும் தங்களுக்குள் உரசிச் சுற்றுவதில்லை, கூண்டோடு சேர்ந்து மொத்தமாகச் சுற்றுகின்றன. ஆகவே நேர்ரோட்டில் வரும் ஊளைக்கு அவை காரணமாக இருக்க முடியாது. திரும்பும்போது மட்டும் வரும் கரகரப்புக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது அவற்றைத்தான்.

ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது

சோதனைக்கு நல்ல ரோடு வேண்டும். வாகன நெரிசல் இல்லாத, ஓரளவு சமமான, நேரான ரோடாக இருந்தால் போதும். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் விடியற்காலையில் ஒத்துவரும். பெருந்துறையிலிருந்து சங்ககிரிவரையிலான நெடுஞ்சாலையும் சரிதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் அடித்து வீசும். காற்றாலைகள் அங்கே நிற்பதே அந்தக் காற்றுக்காகத்தான். எதிர்க்காற்றில் ஜன்னல் ரப்பரும் மேல் கேரியரும் போடுகிற சத்தத்தில் கிரவுன் சத்தத்தைப் பிரித்து எடுப்பது கஷ்டம். அதோடு, எதிர்க்காற்றில் அதே வேகத்துக்கு ஆக்சிலேட்டரை அதிகமாக மிதிக்க வேண்டியிருப்பதால் கியர்கள் மீது சுமை கூடிச் சத்தமும் மாறும். காற்று அடங்கிய காலை நேரமே நல்லது.

கூட ஒருவர் இருக்கட்டும். நீங்கள் ஓட்டுங்கள், அவர் பின்சீட்டில் உட்கார்ந்து கேட்கட்டும். ஏசி, பாட்டு எல்லாம் அணைத்துவிடுங்கள். சோதனைக்கு முன் ஏழெட்டுக் கிலோமீட்டராவது ஓட்டி ஹவுசிங் ஆயிலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்து கெட்டியாக இருக்கும் ஆயில் சில சத்தங்களை மூடிவிடும்.

முதலில் வண்டியை நிறுத்தி வைத்து, நியூட்ரலில் எஞ்சினை மட்டும் உறுமவிடுங்கள். அதே சத்தம் நின்ற இடத்திலேயே வந்தால் அது டிஃபரன்ஷியல் இல்லை. சைலன்சர் குழாய் எங்காவது பாடியில் முட்டிக்கொண்டிருக்கலாம், எஞ்சின் மவுண்ட் போயிருக்கலாம்.

அடுத்து கியர்பாக்ஸை விலக்க வேண்டும். சத்தம் தெளிவாகக் கேட்கும் வேகத்தைக் கண்டுபிடியுங்கள். 60 என்று வைத்துக்கொள்வோம். அதே 60-இல் மூன்றாவது கியரிலும் நான்காவதிலும் ஐந்தாவதிலும் ஓட்டிப் பாருங்கள். கியரை மாற்றும்போது சத்தத்தின் சுதி எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால், எஞ்சினிலோ கியர்பாக்ஸின் முன்பாதியிலோ தேடுங்கள். எந்தக் கியரில் போனாலும் சுதி மாறாமல் வண்டியின் வேகத்தை மட்டும் ஒட்டி நின்றால், காரணம் கியர்பாக்ஸுக்குப் பின்னால் எங்கோ இருக்கிறது. இன்னொன்று, பின்சக்கர வண்டிகள் பலவற்றில் நான்காவது கியர் நேரடி இணைப்பு. அந்தக் கியரில் கியர்பாக்ஸின் உள்பற்கள் மேல் சுமை ஏறுவதில்லை. நான்காவதில் சத்தம் காணாமல் போய் மற்றவற்றில் மட்டும் வந்தால் கியர்பாக்ஸ் மேல்தான் சந்தேகம் விழும்.

இப்போது முக்கியமான சோதனை. சத்தம் வரும் வேகத்தில் மூன்று நிலைகளை உண்டாக்குங்கள். முதலில் ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தி வேகம் ஏறவிடுங்கள். பிறகு காலை முழுதாக எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டி வேகம் குறையட்டும். மூன்றாவதாக, இழுக்கவும் இல்லாமல் தடுக்கவும் இல்லாமல் வேகத்தை அப்படியே தாங்கிப் பிடிக்கிற அளவுக்கு மட்டும் கால் வையுங்கள். இந்த மூன்றையும் ஏன் பிரிக்கிறோம் என்றால், கிரவுன் பல்லுக்கு இரண்டு முகம் உண்டு. எஞ்சின் வண்டியை இழுக்கும்போது பல்லின் ஒரு முகம் சுமை தாங்குகிறது. காலை எடுத்ததும் சக்கரம் எஞ்சினைச் சுற்றத் தொடங்குகிறது, சுமை பல்லின் மறுமுகத்துக்கு மாறுகிறது. மூன்றாம் நிலையில் இரண்டு முகத்திலும் பாரமில்லாமல் பல் நடுவில் ஊசலாடும்.

இழுக்கும்போது மட்டும் ஊளை கேட்டு, காலை எடுத்தால் நின்றுபோனால் பல்லின் இழுவை முகம் தேய்ந்திருக்கிறது, அல்லது பினியன் இருக்க வேண்டிய இடத்தைவிட்டு நகர்ந்திருக்கிறது. காலை எடுக்கும்போது மட்டும் ஊளை வந்தால் பினியன் பேரிங்கின் இறுக்கம் போயிருக்க வாய்ப்பு அதிகம். பினியன் முனையில் இருக்கும் பெரிய நட்டு தளர்ந்தாலும் இதேதான் நடக்கும். சுமை திரும்பும்போது பினியன் முன்னும் பின்னும் நகர்ந்துவிடுகிறது, அந்த நகர்வுதான் ஊளையாகக் கேட்கிறது. தாங்கிப் பிடிக்கும் மூன்றாம் நிலையில் மட்டும் லேசான படபடப்பும் முனகலும் வந்தால், பல் இடைவெளி, அதாவது கிரவுன் பல்லுக்கும் பினியன் பல்லுக்கும் நடுவே விடும் சின்ன இடம், கூடியிருக்கலாம்.

இந்த மூன்றிலும் சத்தம் கொஞ்சமும் மாறாமல் ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால், கியர் பல்லை விட்டுவிடுங்கள். பேரிங் அல்லது டயர்தான். பலர் தவறவிடுவது இதைத்தான். சுமை மாறியும் மாறாத சத்தத்துக்குக் கிரவுன் பினியனைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை.

டயரும் பேரிங்கும்

கிரவுன் சத்தம் போலவே ஏமாற்றுவதில் முதலிடம் டயருக்கு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த டயர், திட்டுத் திட்டாகத் தேய்ந்த டயர், கனத்த பட்டன் வைத்த ஜீப் டயர் எல்லாம் நன்றாகவே ஊளையிடும். இதைக் கண்டுபிடிக்க நம் ரோடுகளே உதவும். தார் ரோட்டிலிருந்து கான்கிரீட் ரோட்டுக்கோ, புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்கோ மாறும் இடத்தில் காது கொடுங்கள். தரை மாறியதும் சத்தம் மாறினால் டயர். ஹவுசிங்குக்குள் சுற்றும் பல்லுக்கு வெளியே இருப்பது தாரா கான்கிரீட்டா என்று தெரியாது. சந்தேகம் தீரவில்லை என்றால் முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள்.

அடுத்தது வீல் பேரிங். காலியான அகல ரோட்டில் மிதமான வேகத்தில் போய்க்கொண்டே ஸ்டியரிங்கை மெல்ல இடதும் வலதுமாக அலையவிடுங்கள். வண்டி இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரங்கள் மேல் சாயும். அப்போது உறுமல் கூடினால் வலது பக்க பேரிங், வலது பக்கம் திரும்பும்போது கூடினால் இடது பக்க பேரிங். டிஃபரன்ஷியல் சத்தம் இந்த அலைச்சலுக்குப் பெரும்பாலும் அசையாது. பக்கத்தில் வண்டி வரும்போதும் வேகமாகப் போகும்போதும் இதைச் செய்யாதீர்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டை மறந்துவிடக் கூடாது. நீளமான வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும், நடுவில் சென்டர் பேரிங் தாங்கும். அது போனால் கிளம்பும்போதே இருக்கைக்கு அடியில் தடதடக்கும். ஷாஃப்ட்டின் முனைகளில் இருக்கும் மூட்டுக்குக் கிராஸ் என்று பெயர். அதில் கிரீஸ் வற்றினால் மெதுவாகப் போகும்போது கிரீச் கிரீச் என்று கேட்கும், ரிவர்ஸ் கியர் போட்டதும் “டக்” என்று ஓர் அடி விழும். அந்த “டக்” பல் இடைவெளி கூடினாலும் வரும், ஆக்சில் ஷாஃப்ட்டின் பல் தேய்ந்தாலும் வரும். அதனால் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு நன்றாகக் கட்டை கொடுத்து, எஞ்சினை அணைத்து நியூட்ரலில் போட்டுவிட்டு, ஷாஃப்ட்டைக் கையால் பிடித்து இரண்டு பக்கமும் திருகிப் பாருங்கள். ஆட்டம் கிராஸில் தெரிகிறதா, அல்லது கிராஸ் உறுதியாக இருக்க, ஷாஃப்ட்டைப் பினியனோடு சேர்க்கும் தட்டான பினியன் ஃபிளேன்ஜே ஆடுகிறதா என்று கண்ணாலேயே காணலாம். ஃபிளேன்ஜ் கொஞ்சம் திரும்புவது இயல்புதான். மேலும் கீழுமாகவோ முன்னும் பின்னுமாகவோ ஆடினால் பினியன் பேரிங் போய்விட்டது. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

இனி அந்த 4 என்ற கணக்குக்கு வருவோம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வண்டி நிமிடத்துக்கு 1000 மீட்டர் போகிறது. 2 மீட்டர் சுற்றளவுள்ள டயர் நிமிடத்துக்கு 500 சுற்று சுற்றும். கிரவுனும் அதைத் தாங்கும் பக்கவாட்டு பேரிங்குகளும் அதே 500 சுற்று. ஆனால் பினியனும் அதன் பேரிங்குகளும் 2000 சுற்று. அதனால்தான் பினியன் பேரிங் போனால் சத்தம் உயர்ந்த சுதியில், குறைந்த வேகத்திலேயே கேட்கத் தொடங்குகிறது. பக்கவாட்டு பேரிங் போனால் வீல் பேரிங்கைப் போலவே அடித்தொண்டை உறுமலாக இருக்கும், இரண்டையும் காதால் மட்டும் பிரிப்பது சிரமம்.

உடைந்த பல்லையும் இதே கணக்கு காட்டிக்கொடுக்கும். 10 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 83 சுற்று சுற்றும். அதாவது நொடிக்கு ஒன்றுக்குக் கொஞ்சம் மேல். கிரவுனில் ஒரு பல் உடைந்திருந்தால் சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்கு ஒரு “டொக்” விழும். பினியனில் உடைந்திருந்தால் அதே வேகத்தில் நொடிக்கு ஐந்தாறு அடி விழும். மெதுவாக உருட்டிக்கொண்டே எண்ணிப் பார்க்கலாம். சுற்றுக்கு ஒரு “டொக்” வந்ததும் பதற வேண்டாம், முதலில் இறங்கி டயர் பட்டன்களுக்கு நடுவே ஜல்லிக்கல் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கிரஷர் பக்கம் போய்வந்த வண்டிகளில் இது சாதாரணம்.

ஆயில்தான் முதல் சாட்சி

பினியன், கிரவுனின் மையக் கோட்டுக்கு நேராக இல்லாமல் சற்றுக் கீழே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். இந்த அமைப்புக்கு ஹைப்பாய்டு என்று பெயர். இதனால் ஷாஃப்ட்டைத் தாழ்த்தி வைக்க முடிகிறது, பற்களும் அதிகப் பரப்பில் பதிந்து சத்தமில்லாமல் ஓடுகின்றன. ஆனால் இங்கே பல்லின் மேல் பல் உருள்வது மட்டுமில்லை, கடும் அழுத்தத்தில் வழுக்கவும் செய்கிறது. சாதாரண ஆயிலின் படலம் அங்கே கிழிந்துவிடும். அதனால்தான் ஜிஎல்-5 தரமுள்ள கியர் ஆயில் தேவைப்படுகிறது. பெரும்பாலான கார், ஜீப்புகளுக்கு ஆயிலின் கெட்டித்தன்மை 80டபிள்யூ-90. உங்கள் வண்டிக்கு எது என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து அதையே ஊற்றுங்கள்.

ஹவுசிங்குக்கு டிப்ஸ்டிக் கிடையாது. எஞ்சின் ஆயில் மாற்றும்போது இதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. என் பார்வையில், ஊளையிடும் ஹவுசிங்குகளின் கதை பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. பினியன் ஆயில் சீல் வழியே சொட்டுச் சொட்டாகக் கசிந்து, ஆயில் குறைந்து, பேரிங் வறண்டு, பினியன் நகர்ந்து, பல் தேய்ந்து, கடைசியில்தான் சத்தம் வெளியே வருகிறது. மொத்தமே இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் பிடிக்காத இடத்தில் அரை லிட்டர் குறைந்தாலே அது பெரிய குறை.

பார்க்கும் முறை எளிது. வண்டி சமதளத்தில், ஓடாமல் ஆறியிருக்கட்டும். ஹவுசிங்கின் பக்கவாட்டில் உயரத்தில் இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை உள்ளே விடுங்கள். ஆயில் ஓட்டையின் கீழ் விளிம்புவரை நிற்க வேண்டும். மாற்றுவதாக இருந்தால் எப்போதும் மேலே உள்ள பிளக்கை முதலில் கழற்றிவிட்டு அப்புறம்தான் கீழே உள்ளதைத் திறக்க வேண்டும். கீழே வடித்துவிட்டு மேல் பிளக் துருப்பிடித்துக் கழலவில்லை என்றால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

வடித்த ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடியுங்கள். கியர் ஆயிலுக்கு இயல்பாகவே ஒரு கந்தக நாற்றம் உண்டு, அதற்குக் கவலைப்பட வேண்டாம். கருகிய வாடை வந்தால் உள்ளே சூடு மிஞ்சியிருக்கிறது. டிரெயின் பிளக்கில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறத்தில் பசை போல நுண்பொடி ஒட்டியிருக்கும். அது வழக்கமான தேய்மானம். விரலில் குத்துகிற செதில், மின்னும் துண்டு, பல் முனை ஏதாவது இருந்தால் சோதனையெல்லாம் போதும், திறந்துதான் ஆக வேண்டும். ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. மழைக்காலத்தில் நொய்யல் ஆற்றுத் தரைப்பாலங்களில் முழங்கால் தண்ணீரில் வண்டியை இறக்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான ஹவுசிங் திடீரென்று தண்ணீரில் முங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகவும் பிரீதர் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பிரீதர் என்பது ஆக்சிலின் மேல்பக்கம் இருக்கும் சின்ன மூச்சுத்துளை. மண் அடைத்துவிட்டால் சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி ஆயிலைச் சீல் வழியே வெளியே தள்ளும். புது சீல் போட்டும் திரும்பத் திரும்பக் கசிகிறதென்றால் இந்தத் துளையைப் பாருங்கள். ஓரங்களில் கசியும் ஆயில் பிரேக் டிரம்முக்குள் போனால் பிரேக்கே பிடிக்காது. அது ஊளையைவிட எத்தனையோ மடங்கு ஆபத்து.

தென்னந்தோப்பில் தேங்காயும் மார்க்கெட்டில் மஞ்சள் மூட்டையும் ஏற்றுகிற ஏஸ், பிக்கப் வண்டிகளுக்கு இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். அளவுக்கு மீறி பாரம் ஏற்றி, மேட்டில் கிளட்ச்சைச் சட்டென்று விட்டுக் கிளம்பினால் கிரவுன் பல்லில் விரிசல் விழும். பின்னால் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் போட்டு ஓட்டினால், நேர்ரோட்டிலும் ஸ்டார் பினியன்கள் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அவை அப்படித் தொடர்ந்து சுற்றுவதற்காகச் செய்யப்பட்டவை இல்லை.

பட்டறையில் தூக்கிப் பார்ப்பது

மெக்கானிக் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, மெதுவாகச் சக்கரத்தை ஓடவிட்டு, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை ஹவுசிங்கில் வைத்துக் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார். பினியன் பக்கம், இடது பக்கம், வலது பக்கம், சக்கர பேரிங் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் எங்கே சத்தம் பலமாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். பட்டறைகளில் இதற்கென்றே ஸ்டெதாஸ்கோப்பும் வைத்திருப்பார்கள். ஆனால் தூக்கிவைத்த வண்டியில் சுமை கிடையாது. ரோட்டில் ஊளையிட்ட கியர், ஸ்டாண்டில் வாயே திறக்காமல் இருக்கலாம். அதனால் ரோட்டில் நீங்கள் குறித்துவைத்த பதில்கள் இங்கே மதிப்புள்ளவை.

இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம் என்றே சொல்வேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. ஒரு சக்கரத்தை மட்டும் தூக்கி எஞ்சினைக் கியரில் ஓடவிட்டால், தரையில் நிற்கும் சக்கரத்தின் பங்கையும் சேர்த்துத் தூக்கிய சக்கரம் ஸ்பீடாமீட்டர் காட்டுவதைவிட இரு மடங்கு வேகத்தில் சுற்றும். வண்டி ஜாக்கியிலிருந்து குதிக்கவும் செய்யும். சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்ப்பதில் தவறில்லை. ஸ்டாண்டில் உறுதியாக நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, ஒரு சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால் மற்றது எதிர்த்திசையில் சுற்றுவதைப் பார்க்கலாம். அந்தச் சுற்றலில் கரகரப்போ திக்கித் திக்கி நிற்பதோ இருந்தால் கைக்கே தெரியும்.

திறக்க வேண்டும் என்று முடிவானால், சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே தயாரிக்கப்பட்டு, ஒன்றோடொன்று இழைத்துப் பொருத்தப்பட்டவை. பினியன் மட்டும் தேய்ந்திருக்கிறது, அதை மட்டும் மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வேறொரு வண்டியின் பினியனை உங்கள் கிரவுனோடு சேர்த்தால் ஊளை கட்டாயம் வரும். புது செட் போட்டாலும் அப்படியே இறுக்கி மூட முடியாது. பினியன் எவ்வளவு ஆழம் உள்ளே நிற்க வேண்டும் என்பதைச் சிம் என்ற மெல்லிய தகடுகளால் சரிசெய்ய வேண்டும். பேரிங்குக்குக் கணக்கான முன்னிறுக்கம் கொடுக்க வேண்டும். பல் இடைவெளியை டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். கார், ஜீப்புகளில் அது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு அளவுதான். கடைசியில் கிரவுன் பற்களில் வண்ணம் தடவிச் சுற்றிப் பார்த்து, பதிவு பல்லின் நடுவில் விழுகிறதா, நுனியிலோ அடியிலோ விழுகிறதா என்று சோதிக்க வேண்டும். “டயல் வெச்சுப் பார்ப்பீங்களாங்ணா, பதிவு பார்த்துட்டு மூடுங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரியும், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியும் வைத்திருப்பவர்கள் இப்படிப் பக்கத்தில் நின்று பார்த்து வாங்குவது வழக்கம்தான். காருக்கும் அதே உரிமை உண்டு.

பேரிங் மட்டும் போய், பற்கள் நன்றாக இருக்கிற நிலையில் பிடித்துவிட்டால் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். பேரிங்கையும் சீலையும் மாற்றி, பழைய சிம் அளவுகளைக் குறித்துவைத்துச் சரிபார்த்துப் பூட்டினால் போதும். ஆனால் பற்கள் ஊளையிட்டே நெடுநாள் ஓடித் தேய்ந்த செட்டைத் திரும்ப இடம் மாற்றி அமைத்தால் சத்தம் குறைவதற்குப் பதில் கூடுவதும் உண்டு. பற்கள் அந்தப் பழைய இடத்துக்கே தேய்ந்து பழகியிருக்கும்.

சரி, சத்தத்தோடு ஓட்டலாமா? ஆயில் சரியாக இருந்து, செதில் எதுவும் இல்லாமல், வருடக்கணக்கில் ஒரே வேகத்தில் ஒரே அளவில் வரும் மெல்லிய ஊளை என்றால் ஓட்டலாம், பல வண்டிகள் அப்படியே ஆயுசு முழுக்க ஓடியிருக்கின்றன. ஆயில் அளவை மட்டும் தவறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் வாரத்துக்கு வாரம் கூடினாலோ, ஊளை உறுமலாக மாறினாலோ, ஹவுசிங் பக்கத்தில் கை வைக்க முடியாத அளவு கொதித்தாலோ, “டொக்” சேர்ந்துகொண்டாலோ அந்த வண்டியை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். பினியன் பேரிங் சிதைந்து இறுகினால் ஓடும்போதே பின்சக்கரங்கள் பூட்டிக்கொள்ளும். திம்பத்தின் 27 வளைவுகளில் இறங்கும்போதோ வால்பாறையின் 40 வளைவுகளில் ஏறும்போதோ அது நடந்தால் ஸ்டியரிங்கால் செய்யக்கூடியது அதிகமில்லை. அந்த நிலையில் உள்ள வண்டியை அருகிலிருக்கும் பட்டறைக்கு மெதுவாக ஓட்டிச் செல்வதுகூட வேண்டாம், ஏற்றிக்கொண்டு போகும் வண்டியை வரவழையுங்கள். பின்சக்கரம் தரையில் உருள இழுத்துப் போனால் கிரவுனும் பினியனும் கூடவே சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதனால் பின்சக்கரத்தைத் தூக்கியோ, மொத்த வண்டியையும் மேடையில் ஏற்றியோ கொண்டுபோகச் சொல்லுங்கள்.